நிலவறையிலிருந்து பலிபீடத்திற்கு

நியூயார்க் மாநகரின் கிழக்கு ஹார்லம் பகுதியில், 115-ஆம் தெருவில், கார்மேல் அன்னையின் ஆலயம் ஒன்று உள்ளது. ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள் அன்னையின் திருவுருவம் அங்கே தெருக்களில் பவனியாக எடுத்துச் செல்லப்படுகிறது. அன்னையை அந்தத் தெருவுக்கு அழைத்து வந்தவர்கள் இத்தாலிய நாட்டு ஏழைத் தொழிலாளர்கள். ஆனால் அண்மைப் பத்தாண்டுகளில் அவ்விழாவுக்குத் திரளாக வருவோர் ஹெய்ட்டி நாட்டின் கறுப்பின மக்கள். அன்னை ஒருவரே, அவரைத் தாயே என்று அழைக்கும் மொழிகள் மாறிவிட்டன.

இவ்வாலயத்தின் வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அன்னையின் பெயரால் தங்கள் கைகளாலேயே அதைக் கட்டியெழுப்பிய இத்தாலிய மக்கள், நெடுங்காலம் மேல்தளத்தில் வழிபட இயலவில்லை. ஆலயத்தின் அடியில் இருந்த நிலவறையே அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவர்களைக் கீழே அனுப்பியோர் வேற்று மதத்தார் அல்லர். அவர்களுக்குச் சற்று முன்னதாக அதே நகரில் கப்பலிலிருந்து இறங்கிய கத்தோலிக்கர்களே.

அயல்நாட்டுப் பெருநகரில் குடியேறுதல் என்றால் என்ன? தங்க ஓர் அறையும், பிழைக்க ஒரு வேலையும் கிடைத்துவிட்டால் குடியேறியதாகுமா? நியூயார்க் கத்தோலிக்கரின் இருநூறு ஆண்டு வரலாறு இக்கேள்விக்கு வேறொரு விடையைத் தருகிறது. அதைச் சற்று நின்று நோக்குவோம்.

ஓர் அடிமையின் காணிக்கை

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நியூயார்க்கில் கத்தோலிக்கக் குருக்கள் நுழையவே தடை இருந்தது. 1700-இல் இயற்றப்பட்ட அச்சட்டம் அமெரிக்க விடுதலைக்குப் பின்னர் 1784-இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1785-இல், பார்க்ளே தெருவில் புனித பேதுரு ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நகரின் முதல் கத்தோலிக்க ஆலயம் அது.

1787-இல் ஹெய்ட்டியிலிருந்து, அன்று பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த நாட்டிலிருந்து, ஒரு குடும்பம் நியூயார்க் வந்திறங்கியது. அவர்களுடன் வந்த அடிமைகளுள் ஒருவர் பியேர் தூசான். தம் விருப்பத்தால் வந்தவர் அல்லர், கொண்டுவரப்பட்டவர். சிகை அலங்காரத் தொழிலைக் கற்றுச் செல்வச் சீமாட்டிகளின் இல்லங்களில் பணிபுரிந்தார். தலைவர் இறந்து குடும்பச் செல்வமும் அழிந்தபோது, அடிமையாயிருந்த அவரே தம் உழைப்பின் ஊதியத்தால் விதவையான தலைவியைக் காப்பாற்றினார். அந்த அம்மையார் 1807-இல் மரணப் படுக்கையில் அவருக்கு விடுதலை அளித்தார். பின்னர் தூசான் தம் உழைப்பால் பிறரின் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார். தம் மனைவியுடன் சேர்ந்து ஆதரவற்ற கறுப்பினச் சிறுவர்களை வீட்டில் வைத்து வளர்த்தார். கொள்ளை நோய்க்கு அஞ்சி ஊர் ஓடியபோது நோயாளரைத் தேடிச் சென்றார். நாள்தோறும் புனித பேதுரு ஆலயத்தில் திருப்பலி கண்டார். வெள்ளை இனக் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்துக்கும், மல்பரி தெருவில் எழுந்த பழைய புனித பத்திரிக் பேராலயத்துக்கும் பணம் திரட்டித் தந்தார்.

அத்தகைய மனிதரை, 1842-இல், அப்பேராலயத்திலேயே இருக்கை காட்டும் பணியாளர் ஒருவர் நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முற்பட்டார். ஆலய அறங்காவலர் குழுவின் தலைவர் பின்னர் மன்னிப்புக் கோரிக் கடிதம் எழுதினார். தூசான் திருச்சபையை விட்டு விலகவில்லை. 1853-இல் இறக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். பொதுநிலையினராகிய அவரது உடல் இன்று புதிய புனித பத்திரிக் பேராலயத்தில், பேராயர்களின் கல்லறைகளுக்கு நடுவே துயில்கிறது. எந்த வாசலில் நிறுத்தப்பட்டாரோ அந்தப் பெயருடைய ஆலயத்தின் பீடத்தடியிலேயே இடம் பெற்றார். ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

பஞ்சத்தின் மக்கள்

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதை அடுத்து வந்த பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். அடுத்த பத்தாண்டுகளுக்குள் நியூயார்க் மக்களுள் நால்வரில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர் என்ற நிலை உருவாயிற்று.

வந்தவர்களுக்குத் துறைமுகத்திலேயே துன்பம் காத்திருந்தது. சொந்த மொழியில் பேசி, உறவு கொண்டாடி, மூட்டையைப் பறித்துக்கொண்டு கொள்ளை வாடகை விடுதிகளுக்கு இட்டுச் செல்லும் தரகர்கள் அங்கே நின்றனர். அவர்களுள் பலர் முன்னதாக வந்த அயர்லாந்துக்காரர்களே. இக்கொடுமையைத் தடுக்கவே 1855-இல் காசில் கார்டன் என்னும் பழைய கோட்டையைக் குடியேறுவோர் இறங்குமிடமாக அரசு ஏற்படுத்தியது. நகருக்குள் வந்த பின்னரும் பல்லாயிரம் பேருக்குக் கிடைத்த குடியிருப்பு நிலவறைகளே. காற்றும் வெளிச்சமும் புகாத, மழை பெய்தால் கழிவுநீர் ஊறும் தரையடி அறைகள்.

இம்மக்களுக்கு ஆயராக அமைந்தவர் ஜான் ஹியூஸ். 1797-இல் அயர்லாந்தில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் அமெரிக்கா வந்து, குருமடத்தில் சேரும் முன் அதே வளாகத்தில் தோட்ட வேலை செய்தவர். 1844-இல் பிலடெல்பியா நகரில் குடியேறியோரை வெறுத்த கூட்டத்தினர் கத்தோலிக்க ஆலயங்களைத் தீக்கிரையாக்கினர். நியூயார்க்கிலும் அது நிகழாதபடி ஹியூஸ் தம் ஆலயங்களைச் சுற்றி இறைமக்களைக் காவல் நிறுத்தினார். அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை எழுப்பினார். கூலிப் பணத்தைத் தரகர்கள் விழுங்காதபடி 1850-இல் குடியேறியோருக்கான சேமிப்பு வங்கி ஒன்று தோன்றத் துணைநின்றார். 1858-இல் மரியன்னையின் விண்ணேற்பு விழாவன்று புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஊருக்கு வெளியே இவ்வளவு தொலைவில் இத்தனை பெரிய கோவிலா என்று நகைத்தனர் பலர். செல்வர்களின் கொடையோடு வீட்டுப் பணிப்பெண்களும் மூட்டை தூக்குவோரும் தந்த சில்லறைக் காசுகளாலும் எழுந்த அப்பேராலயம் 1879-இல் திறக்கப்பட்டது. நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது.

எனினும் வரலாற்றை ஒரு பக்கமாக மட்டும் எழுதுதல் தகாது. 1863 ஜூலையில், உள்நாட்டுப் போருக்குக் கட்டாயப் படைசேர்ப்பை எதிர்த்துக் கலகம் மூண்டது. முந்நூறு டாலர் செலுத்தினால் செல்வர் தப்பிக்கலாம் என்ற விதி ஏழைகளைக் கொதிக்க வைத்தது. அந்தச் சினம் நியாயமானதே. ஆனால் அது பாய்ந்த இடம் எது? தங்களைவிட எளியவர்களான கறுப்பின மக்கள் மீது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அக்கலகத்தில் மாண்டனர். கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லம் கொளுத்தப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பின்வாசல் வழியே தப்பினர். கலகக் கூட்டத்துள் அயர்லாந்துக் கத்தோலிக்கர் மிகுந்திருந்தனர். அதைத் தடுத்து நின்ற காவலருள்ளும் அவர்கள் பலர் இருந்தனர். நோயுற்றிருந்த ஹியூஸ் இறுதியில் மக்களை அழைத்து அமைதி காக்கப் பேசினார். காலம் கடந்துவிட்டது என்று வரலாறு அவரைக் குறை கூறுகிறது. நசுக்கப்பட்டவன் நசுக்கப்படும் மற்றவனின் தோழனாவான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். எப்போதும் அப்படி நிகழ்வதில்லை.

நல்ல நினைவுகளும் உண்டு. 1883-இல் ஜான் ரியோர்டன் என்னும் குருவானவர் காசில் கார்டன் இறங்குதுறையில் கப்பல்தோறும் காத்து நின்றார். தனியே வந்திறங்கும் இளம் அயர்லாந்துப் பெண்கள் தீயோர் கையில் சிக்காதபடி அவர்களை அழைத்துச் சென்று, எதிரிலிருந்த இல்லத்தில் தங்கவைத்து, உறவினரைத் தேடித் தந்து, நல்ல வீடுகளில் வேலைக்கு அமர்த்தினார். செபமாலை அன்னையின் பெயர் தாங்கிய அவ்வில்லம் பல்லாயிரம் பெண்களைக் காத்தது. குடியேறுதலின் முதல் நாளில் ஒருவருக்குத் தேவையானது என்ன என்பதை அவர் அறிந்திருந்தார்: துறைமுகத்தில் நம்பத்தக்க ஒரு முகம்.

படிக்கட்டின் கீழே

1880-க்கும் 1920-க்கும் இடையில் ஏறத்தாழ நாற்பது லட்சம் இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். பெரும்பாலோர் தென் இத்தாலியின் நிலமற்ற உழவர்கள். வேலை பிடித்துத் தரும் கங்காணிகளுக்குக் கூலியில் பங்கு கொடுத்து, சாலையும் சுரங்கமும் தோண்டினர். நியூயார்க்கின் நெரிசல் மிக்க அடுக்குக் குடியிருப்புகளில், ஒரே ஊரிலிருந்து வந்தோர் ஒரே தெருவில் கூடி வாழ்ந்தனர். ஊர்ப் பெயரால் உதவிச் சங்கம் அமைத்தனர். ஊர்ப் புனிதரின் விழாவைத் தெருவில் கொண்டாடினர்.

இதற்குள் நியூயார்க் திருச்சபை அயர்லாந்துக் குருக்களின் கையில் ஒழுங்குற அமைந்திருந்தது. அவர்களுக்கு இப்புதியவர்கள் பெரும் புதிராகத் தோன்றினர். இவர்கள் ஞாயிறு திருப்பலியைத் தவறவிடுவர், பவனியைத் தவறவிடமாட்டார்கள். காணிக்கைத் தட்டில் காசு போடமாட்டார்கள்; அன்னையின் திருவுருவத்தில் பணத்தைக் குத்தி வைப்பார்கள். பக்தியா, மூடநம்பிக்கையா என்று குருக்கள் ஐயுற்றனர். 'இத்தாலியச் சிக்கல்' என்றே இதற்குப் பெயரிட்டனர். பல பங்குகளில் கண்ட தீர்வு ஒன்றே: மேலே பழைய மக்களுக்குத் திருப்பலி; அதே வேளையில் கீழே, நிலவறையில், இத்தாலியருக்குத் திருப்பலி. ஒரு தலைமுறைக்கு முன் நிலவறையில் குடியிருந்தவர்களின் பிள்ளைகள் இவ்வாறு இன்னொரு மக்களுக்கு நிலவறையைக் காட்டினர்.

115-ஆம் தெருவில் நடந்ததும் இதுவே. 1881-இல் தென் இத்தாலியின் பொல்லா ஊரினர் சிலர் கார்மேல் அன்னையின் விழாவைச் சிறு அளவில் தொடங்கினர். 1884-இல் ஆலயம் எழுந்தது. பகலெல்லாம் கூலி வேலை செய்த ஆண்கள் மாலையில் வந்து அடித்தளம் தோண்டினர். பழைய பொருள் வாங்கி விற்போர் தங்கள் குதிரை வண்டிகளில் கல்லும் மண்ணும் சுமந்தனர். கட்டி முடித்தபின் அன்னையும் அவள் பிள்ளைகளும் கீழே சென்றனர். 1904-இல் திருத்தந்தையின் இசைவுடன் அன்னைக்குப் பொன்முடி சூட்டப்பட்டது. அப்போதும் அந்நிலை மாறவில்லை. 1919-இல்தான் இத்தாலியர் மேல்தளத்தில் வழிபடத் தொடங்கினர். 1923-இல் அன்னையின் திருவுருவம் மேலே பலிபீடத்துக்கு வந்தது. படிக்கட்டு சில அடி உயரமே. அதை ஏறி முடிக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

கீழைத் திசையன்று, மேலைத் திசை

இத்தாலியரின் துயரை உரோமை அறிந்திருந்தது. மிலான் நகர ரயில் நிலையத்தில் கப்பலேறப் புறப்பட்ட ஏழைகளின் கூட்டத்தைக் கண்டு கலங்கிய பியாச்சென்சா ஆயர் ஸ்கலபிரினி, 1887-இல் புலம்பெயர்ந்தோருக்கென ஒரு துறவற சபையை நிறுவினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1888-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அமெரிக்க ஆயர்களுக்கு இத்தாலியக் குடியேறிகளைப் பற்றித் தனி மடல் ஒன்றை வரைந்தார்.

அந்நாளில் பிரான்செஸ்கா கபிரினி என்னும் துறவி, தாம் தோற்றுவித்த சபையுடன் சீன நாட்டுக்குச் செல்லக் கனவு கண்டுகொண்டிருந்தார். சிறுமியாக இருந்தபோது காகிதக் கப்பல்களில் ஊதாப் பூக்களை வைத்து, இவர்கள் என் மறைபரப்புச் சகோதரிகள் என்று நீரில் மிதக்கவிட்டு, ஒருமுறை தாமே நீரில் விழுந்து, அதுமுதல் தண்ணீருக்கு அஞ்சியவர். அவரிடம் திருத்தந்தை, கீழைத் திசைக்கன்று, மேலைத் திசைக்குப் போ என்றார். 1889 மார்ச் 31-இல் ஆறு சகோதரிகளுடன் நியூயார்க்கில் இறங்கினார். வாக்களிக்கப்பட்ட இல்லம் ஆயத்தமாயிருக்கவில்லை. முதல் இரவை அழுக்கும் பூச்சியும் நிறைந்த வாடகை அறையில் உறங்காமல் கழித்தனர். மறுநாள் பேராயர் மைக்கேல் காரிகன், ஏற்பாடுகள் சரிவராமையால் வந்த கப்பலிலேயே திரும்பிவிடுவது நலம் என்றார். அவரும் அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனே. அன்னை கபிரினி தம்மை அனுப்பியவர் திருத்தந்தை என்பதைப் பணிவுடன் நினைவூட்டி, அங்கேயே தங்கினார்.

பின்னாளில் பேராயரும் அவர் பணிக்குத் துணைநின்றார். சகோதரிகள் அடுக்குக் குடியிருப்புகளின் இருண்ட படிகளில் ஏறி இறங்கினர், அனாதைகளைச் சேர்த்தனர், சிறைக் கைதிகளைச் சந்தித்தனர். 1892-இல் கொலம்பஸ் மருத்துவமனை தொடங்கியது. இத்தாலிய மொழி பேசும் செவிலியர் அருகில் இருக்க, தன் வலியைத் தன் மொழியில் சொல்ல நோயாளிக்கு ஓர் இடம் கிடைத்தது. நீருக்கு அஞ்சிய அப்பெண்மணி இருபது முறைக்கு மேல் பெருங்கடல் கடந்தார். 67 நிறுவனங்களை எழுப்பினார். 1909-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1917-இல் சிகாகோவில் உயிர்நீத்தார். 1946-இல் புனிதர் பட்டம் பெற்று, 1950-இல் குடியேறியோரின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார்.

தனி ஆலயமும் தனி மூலையும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். புதியவர்கள் தங்கள் மொழியில் தனியே வழிபட விரும்புவதும் ஒருவகைப் பிரிவினைதானே? அன்று. நியூயார்க்கின் ஜெர்மானியர் 1833-இலேயே புனித நிக்கோலாஸ் பெயரால் தங்களுக்கென ஆலயம் அமைத்தனர். நம் தமிழ் மக்களின் வரலாறும் இதற்குச் சான்று. சிங்கப்பூரில் சீனரும் தமிழரும் முதலில் புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சேர்ந்து வழிபட்டனர். தமிழர் எண்ணிக்கை பெருகிய பின் 1888-இல் ஓபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் அவர்களுக்கென எழுந்தது. அது தாய்மொழியில் செபிக்கும் உரிமை. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தைப் புலம்பெயர்ந்த எல்லாக் குடும்பங்களின் முன்மாதிரியாகக் காட்டி வெளியிட்ட ஆணையில், குடியேறியோருக்கு அவர்கள் மொழி பேசும் குருக்களின் பணி கிடைக்க வழிவகுத்தார். தாம் விரும்பி அமைத்துக்கொள்ளும் தனி ஆலயம் வேறு. பிறர் ஒதுக்கித் தரும் தனி மூலை வேறு.

இந்த வேறுபாட்டை நாம் அயல்நாட்டில் போய்க் கற்க வேண்டியதில்லை. சாதியின் பெயரால் இரு கூடங்களாகக் கட்டப்பட்டு, 1910-இல் இடைச்சுவர் இடிக்கப்பட்ட வடக்கன்குளம் ஆலயம் நம் மண்ணிலேயே நிற்கிறது.

அடுத்து வருபவர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியர் வசதி பெற்று, கிழக்கு ஹார்லத்தை விட்டு வெளியேறத் தொடங்கினர். அவர்கள் விட்ட வீடுகளுக்குப் புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் வந்தனர். அவர்களும் கத்தோலிக்கரே, ஏழைகளே. அவர்களை இத்தாலியர் மனமுவந்து வரவேற்றனர் என்று சொல்வதற்கில்லை. நிலவறையின் நினைவு அத்தனை விரைவில் மங்கிப்போயிற்று. அதன் பின்னரே ஹெய்ட்டி மக்கள் அன்னையைத் தேடி வந்தனர். தூசானின் நாட்டு மக்கள் இன்று அந்த ஆலயத்தின் மேல்தளத்தில் முழந்தாளிடுகின்றனர்.

நீங்களும் ஒருகாலத்தில் எகிப்தில் அந்நியர்களாய் இருந்தீர்கள் என்பதை ஆண்டவர் இஸ்ரயேலருக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டினார். ஒருமுறை சொன்னால் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். குடியேறுதல் அறையும் வேலையும் கிடைத்த நாளில் முடிவதில்லை. ஆலயம் கட்டிய நாளிலும் முடிவதில்லை. நமக்குப் பின் வந்தவருக்கு நம் அருகில் இடம் விட்டு அமரும் நாளில்தான் நாம் அந்நகரின் மக்களாகிறோம். அதுவரை முன்னதாக வந்திறங்கிய பயணிகளே.

நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இன்று துபாய்க்கும் இலண்டனுக்கும் டொரண்டோவுக்கும் செல்கின்றனர். அங்கே முதல் ஞாயிறன்று ஆலய வாசலில் யாரேனும் புன்னகைத்து, உள்ளே வாருங்கள் என்று அழைக்கமாட்டார்களா எனத் தாய்மார் ஏங்குகின்றனர். அதே ஞாயிறன்று, வடமாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் நம் ஊர்களுக்கு வந்த இளைஞர் சிலர், கழுத்தில் செபமாலையுடன், நம் ஆலயத்தின் கடைசித் தூணருகே நிற்கின்றனர். தமிழ்ப் பாடல் அவர்களுக்குப் புரிவதில்லை. திருவிருந்து நேரத்தில் தயங்கித் தயங்கி வரிசையில் சேர்கின்றனர். திருப்பலி முடிந்ததும் எவரும் பேசாமலே கலைந்து போகின்றனர்.

அவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?